ரிட்டன் போடாத சரக்கு

2014 அக்டோபரில் அப்பா பிட்ஸ்பர்க் வந்திருந்தார். அம்மா போன பிறகு அவர் வந்த முதல் பயணம் அது. பென் ஹில்ஸ் பெருமாள் கோவிலுக்கு இரண்டு முறை போயாயிற்று, ஆறுகள் கூடும் இடத்தையும் பார்த்தாயிற்று. அதற்கு மேல் அவருக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் கடை என்றால் போதும், எந்தக் கடையாக இருந்தாலும் ஒரு மணி நேரம் அலுக்காமல் நிற்பார். கோவில்பட்டிப் பக்கம் 34 வருஷம் உரக்கடை வைத்திருந்தவர். சரக்கு அடுக்கியிருக்கும் விதம், விலைச்சீட்டு ஒட்டியிருக்கும் இடம், கல்லாவில் நிற்பவன் முகம் எல்லாவற்றையும் ஒரு கண் பார்த்துவிடுவார்.

பையனுக்குக் குளிர்கால ஜாக்கெட் வாங்க வேண்டியிருந்தது. ஊருக்கு வடக்கே கிரான்பெரி டவுன்ஷிப்பில் ஃபீல்டு அண்டு ஸ்ட்ரீம் என்று ஒரு கடையை முந்தின வருஷம்தான் திறந்திருந்தார்கள். வேட்டைக்காரர்களுக்கும் மீன் பிடிப்பவர்களுக்குமான கடை. நானும் பையனும் ஜாக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பினால் அப்பாவைக் காணவில்லை. கடையின் கோடியில் துப்பாக்கிக் கவுண்டர் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சுவரில் மண்வெட்டிக் காம்பு நிறுத்தி வைத்த மாதிரி வரிசையாக ரைஃபிள்கள். மரப்பிடி போட்டவை ஒரு பக்கம், கறுப்பாகப் பட்டாளத்துத் துப்பாக்கி போலிருந்தவை ஒரு பக்கம்.

"இதுக்குக் கலெக்டர் கையெழுத்து வேண்டாமாய்யா?" என்றார்.

கவுண்டரில் இருந்த இளைஞன் நல்ல பிள்ளை. நான் மொழிபெயர்க்க, அவன் சொன்னான். ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அடையாள அட்டை காட்ட வேண்டும். மாநிலப் போலீசின் கணினியில் பெயரைத் தட்டிப் பார்ப்பார்கள். ஆட்சேபம் இல்லை என்று வந்தால் பணத்தைக் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். கைத்துப்பாக்கிக்கு வயது 21. நீளத் துப்பாக்கிக்கு 18 போதும். அந்தக் கறுப்புத் துப்பாக்கிக்குமா? ஆமாம், அதுவும் நீளத் துப்பாக்கிதான்.

"இதுல எவ்வளவு நிக்கும்னு கேளு."

கேட்கக் கூச்சமாக இருந்தது, கேட்டேன். அவன் சிரித்துவிட்டான். துப்பாக்கியில் பெரிதாக ஒன்றும் நிற்காது, தோட்டாவும் உறையும் தொலைநோக்கியும் விற்றால்தான் கொஞ்சம் பார்க்க முடியும் என்றான். அப்பாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "நம்ம ஏவாரம் மாதிரிதான். உரத்துல என்ன நிக்கும்? மருந்துலதான் நிக்கும்." பிறகு கார் நிறுத்தும் இடம் வரை பேசாமல் வந்தவர், பெல்ட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எங்கடையில மருந்து வாங்கறது இதைவிடக் கஷ்டம்."

மருந்து என்றால் பூச்சிமருந்து. அவர் சொன்னது உண்மை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தக் கடை அங்கே வந்த கதையே ஒரு வியாபாரக் கதை. அதை நடத்தியது டிக்ஸ் ஸ்போர்ட்டிங் குட்ஸ் நிறுவனம். தலைமையகம் எங்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், கோராபோலிஸில். 1948இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டன் ஊரில் டிக் ஸ்டாக் என்ற 18 வயதுப் பையன், பாட்டி கொடுத்த 300 டாலரில் தூண்டில் சாமான் கடை வைத்தான். அவர் மகன் எட் ஸ்டாக் அதை நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கடைகளாக்கினார். கிரிக்கெட் மட்டை தவிர மற்ற எல்லாம் கிடைக்கும் என்று எங்கள் ஆட்கள் கிண்டல் செய்வார்கள்.

2012 டிசம்பரில் கனெக்டிகட்டின் நியூடவுனில், சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஏ.ஆர்.-15 வகை ரைஃபிள். டிக்ஸ் உடனே தன் கடைகளில் அந்த வகையின் விற்பனையை நிறுத்திவைத்தது. 'நிறுத்தியது' என்று நான் எழுதவில்லை என்பதைக் கவனிக்கவும். எட்டு மாதம் கழித்து, 2013 ஆகஸ்டில், அதே நிறுவனம் வேறு பெயர்ப்பலகையில் புதுக் கடை திறந்தது. முதல் கடையே எங்கள் கிரான்பெரியில்தான். நிறுத்திவைத்த சரக்கு அந்தச் சுவரில் ஏறிவிட்டது. வாசலை மாற்றி வைத்த வியாபாரம். அப்பா நின்று பார்த்த சுவர் அதுதான்.

ஏ.ஆர். என்பது முதலில் அதைச் செய்த ஆர்மலைட் கம்பெனியின் பெயரிலிருந்து வந்தது. பட்டாளத்தின் எம்-16க்கு உடன்பிறப்பு. விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு தோட்டா போகும், அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். 30 தோட்டா கொள்ளும் மேகசின் மாட்டலாம். 1994 முதல் 2004 வரை இப்படிப்பட்ட பல துப்பாக்கிகளின் விற்பனைக்கு நாடு தழுவிய தடை இருந்தது. பத்து வருஷத்துக்கென்று போட்ட சட்டம், காலம் முடிந்ததும் தானாக உதிர்ந்துவிட்டது. துப்பாக்கித் தொழில்காரர்கள் இதை 'நவீன விளையாட்டு ரைஃபிள்' என்று அழைக்கிறார்கள். என்ன விளையாட்டு என்று நான் கேட்கவில்லை. ஆனால் எங்கள் பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு இந்த அரைத் தானியங்கி வகை ரைஃபிளைக் கொண்டுபோகச் சட்டம் அனுமதிக்கவில்லை. மானுக்கு ஆகாத துப்பாக்கி வேட்டைக்காரர் கடையில் தொங்கியது.

வேட்டை இங்கே சாதாரண விஷயம் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை அரைகுறையாகிவிடும். நான் வந்த புதிதில், நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை சுற்றுவட்டாரப் பள்ளிகள் பலவற்றுக்கு விடுமுறை என்றதும் விழித்தேன். மான் சீசன் தொடங்கும் நாளாம். 2019இல்தான் தொடக்கத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற எஃகு ஆலைத் தொழிலாளி. அன்று விடிகாலை நாலு மணிக்கே ஆரஞ்சுச் சட்டையில் பேரனோடு கிளம்பிவிடுவார். சாயங்காலம் மான் கிடைத்திருந்தால் எங்களுக்கும் ஒரு பொட்டலம் வரும். என் மனைவி அதைச் சுக்கா வறுவல் போட்டு ஒரு கிண்ணம் திருப்பி அனுப்புவாள். அவருடைய துப்பாக்கி அவர் அப்பா கொடுத்தது. அவருக்கும் பள்ளிக்கூடத்தில் செத்த பிள்ளைகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை அவர் என்னிடம் பல முறை சொல்லியிருக்கிறார், நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இதை விற்காதே என்று கடைகளை நெருக்கும் வழக்கம் புதிதல்ல. 1999இல் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் கையிலிருந்த கைத்துப்பாக்கித் தோட்டா கே-மார்ட் கடையில் வாங்கியது. உயிர் தப்பிய இரண்டு இளைஞர்கள், 2001இல் மிச்சிகனின் டிராய் நகரிலிருந்த கே-மார்ட் தலைமையகத்துக்குப் போனார்கள். உடம்பில் இன்னும் தோட்டா இருந்தது. வாங்கிய சரக்கைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறோம் என்பது அவர்கள் கணக்கு. கேமராவும் உடன் போயிருந்தது. 90 நாளுக்குள் கைத்துப்பாக்கித் தோட்டா விற்பனையை நிறுத்துவோம் என்று நிறுவனம் அறிவித்தது. ரிட்டன் கவுண்டரில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சரக்கு வந்திருக்காது.

வால்மார்ட்டோடு மல்லுக்கட்டியது ஒரு தேவாலயம். நியூயார்க் வால் ஸ்ட்ரீட் முனையிலிருக்கும் டிரினிட்டி சர்ச். பணக்கார சர்ச், கையில் வால்மார்ட் பங்குகளும் இருந்தன. பெரிய மேகசினோடு வரும் துப்பாக்கி போன்றவற்றை விற்பது சமூகத்துக்கும் நிறுவனத்தின் பெயருக்கும் நல்லதா என்பதை இயக்குநர் குழு யோசித்து முடிவெடுக்க ஓர் ஏற்பாடு வேண்டும், இதைப் பங்குதாரர் வாக்கெடுப்புக்கு விடுங்கள் என்று கேட்டது. வால்மார்ட் மறுத்தது. வழக்கு. 2014 நவம்பரில் கீழ்க்கோர்ட்டில் சர்ச் ஜெயித்தது. 2015 ஏப்ரலில் மேல்முறையீட்டில் தோற்றது. எந்தப் பொருளை அலமாரியில் வைப்பது என்பது கடையின் அன்றாட வியாபாரம், அதில் பங்குதாரர் தலையிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். வேடிக்கை என்னவென்றால், ஜெயித்த நாலே மாதத்தில், ஆகஸ்டில், வால்மார்ட் அந்த வகை ரைஃபிள் விற்பனையைத் தானாகவே கைவிட்டது. காரணம் கேட்டவர்களிடம், வாங்குபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்றது. வேறெந்தச் சரக்குக்கும் நம்பக்கூடிய காரணம்தான். எனக்கென்னவோ, தோற்றவனுக்கு முகம் கொடுக்காமல் அவன் கேட்டதைச் செய்கிற பெரிய வீட்டுத்தனமாகத்தான் அது பட்டது.

சரி, அப்பா கடைக்கு வருகிறேன்.

1990களில் கரிசல் காட்டில் பருத்திக்குக் காய்ப்புழு படுத்திய பாடு அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மருந்து மேல் மருந்து. அப்பா கடையில் ஒரு மருந்து பெட்டி பெட்டியாகப் போகும். பெயர் வேண்டாம். ஒரு நாள் பக்கத்துக் கிராமத்துப் பையன் வந்து கால் லிட்டர் டப்பா ஒன்று வாங்கினான். தெரிந்த வீட்டுப் பையன், 19 வயது, அப்பாவே பில் போட்டார். அன்று ராத்திரி அவன் இறந்துபோனான். மறுநாள் போலீஸ் வந்து பில் புக்கைக் கேட்டது. லைசென்ஸ் சரி, பில் சரி, காலாவதித் தேதி சரி. கடை மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

பதினாறாம் நாள் கழிந்து அந்தப் பையனின் அம்மா வந்தாள். கடை வாசலில் உரமூட்டை அடுக்குக்குப் பக்கத்தில் நின்றாள். நான் அன்று கல்லாவில் இருந்தேன், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ரேக்கில் அந்த டப்பா எது என்று கண்ணால் தேடினாள். எல்லா டப்பாவும் ஒரே மாதிரிதானே இருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அப்பா அன்று அந்த மருந்தை ரேக்கிலிருந்து இறக்கினார். மறுபடி ஏற்றவில்லை. மற்ற மருந்துகளையும் வயசுப் பிள்ளைகள் தனியாக வந்து கேட்டால் தரமாட்டார். "ஐயாவ வரச் சொல்லு" என்பார். அப்பனே வந்தால் எந்தக் காடு, எத்தனை குறுக்கம், என்ன பூச்சி என்று விசாரணை நடக்கும். ஆட்கள் அலுத்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி, புழு தின்னுக்கிட்டிருக்கு, நீங்க ஜாதகம் கேக்கீங்க" என்று அடுத்த கடைக்குப் போனார்கள். அடுத்த கடை இருந்தது இருபதடி தூரத்தில். அங்கே அதே மருந்து அதே விலைக்குக் கிடைத்தது. சித்தப்பா கேட்டார்: "நாம குடுக்கலேன்னா அங்க வாங்கப் போறான். இதுல யாருக்கு என்ன மிச்சம்?" அப்பா அதற்குப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

2018 பிப்ரவரி 14. புளோரிடாவின் பார்க்லேண்டில், மார்ஜரி ஸ்டோன்மேன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் 17 பேர். சுட்டவனுக்கு 19 வயது. அதே வயது என்பது எனக்கு மட்டும் உறைத்தது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. டிக்ஸ் தன் கணினியில் அவன் பெயரைத் தேடியது. 2017 நவம்பரில் அவனுக்கு ஒரு ஷாட்கன் விற்றிருந்தார்கள். எல்லா விதியையும் பின்பற்றித்தான் விற்றிருந்தார்கள். பள்ளியில் அவன் கொண்டுபோனது அது இல்லை, வேறு கடையில் வாங்கிய ஏ.ஆர்.-15 வகை.

சட்டப்படி டிக்ஸுக்கு ஒரு பொட்டுக் கறை இல்லை. எங்கள் கடைக்குப் போலீஸ் எழுதிக்கொடுத்த மாதிரி. எட் ஸ்டாக் நினைத்திருந்தால் அதோடு நின்றிருக்கலாம். அவர் துப்பாக்கி வைத்திருப்பவர்தான். ஆனால் பிப்ரவரி 28ஆம் தேதி அவர் கையெழுத்தோடு வந்த அறிக்கை வேறு மாதிரி இருந்தது. அவன் பயன்படுத்தியது அந்தத் துப்பாக்கி இல்லை, அந்த வகையும் இல்லை, ஆனால் அதுவாக இருந்திருக்கலாம் என்று வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். அந்த வகை ரைஃபிள் இனி 35 ஃபீல்டு அண்டு ஸ்ட்ரீம் கடைகளிலும் கிடையாது. 21 வயது ஆகாதவர்களுக்கு எந்தத் துப்பாக்கியும் கிடையாது. பெரிய மேகசின் கிடையாது. 2012இல் போட்ட 'நிறுத்திவைப்பு' இந்த முறை இல்லை.

அன்றே வால்மார்ட்டும் வயதை 21 ஆக்கியது. எல்.எல்.பீன் சேர்ந்துகொண்டது. மேற்குப் பக்கத்து ஃபிரெட் மேயர் கடைகள் துப்பாக்கி விற்பதையே விட்டுவிடப் போவதாகச் சொன்னன. புளோரிடா சட்டமன்றமே மூன்று வாரத்துக்குள் வயதை 21 ஆக்கிச் சட்டம் போட்டது. இதையெல்லாம் கடைகள் தொடங்கிவைத்தன என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் நின்று கத்தியதுதான் தொடக்கம். வாசலில் வந்து நிற்க யாராவது வேண்டியிருக்கிறது. டெல்டா விமான நிறுவனம், துப்பாக்கி வைத்திருப்பவர்களின் சங்கமான என்.ஆர்.ஏ.யின் உறுப்பினர்களுக்குக் கொடுத்துவந்த கட்டணச் சலுகையை நிறுத்தியது. கோபத்தில் ஜார்ஜியா சட்டமன்றம் டெல்டாவுக்குக் கிடைக்கவிருந்த எரிபொருள் வரிச்சலுகையைப் பிடுங்கியது. அந்தச் சங்கத்துச் சலுகையில் அதுவரை போன டிக்கெட் எத்தனை தெரியுமா? 13.

டிக்ஸுக்கு அடி பலமாகவே விழுந்தது. துப்பாக்கித் தொழிலின் வணிகச் சங்கம் அதை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. (அந்தச் சங்கத்தின் அலுவலகம் அப்போது இருந்தது எங்கே என்று பார்த்தால், நியூடவுனில்.) மாஸ்பர்க், ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி ஆகிய கம்பெனிகள் இனி டிக்ஸுக்குச் சரக்கு இல்லை என்றன. அறுபதுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலையை விட்டார்கள். ஒரெகானில் 20 வயது இளைஞன் ஒருவன், வயதைக் காட்டித் துப்பாக்கி தர மறுத்தது பாகுபாடு என்று டிக்ஸ் மேலும் வால்மார்ட் மேலும் வழக்குப் போட்டான். விற்பனையில் 25 கோடி டாலர் அளவுக்குப் போயிருக்கும் என்று ஸ்டாக் பிறகு சொன்னார்.

அந்த 25 கோடியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருடையதும் உண்டு. அவர் அதற்குப் பிறகு டிக்ஸ் வாசலை மிதிக்கவில்லை. பேரனுக்கு பேஸ்பால் கையுறை வாங்கக்கூட இருபது மைல் தள்ளிப் போனார். வேலியோரம் நின்று எனக்கு விளக்கினார். "சட்டம் 18 என்கிறது. சட்டத்தை மாற்ற வேண்டுமானால் ஓட்டுப் போட்டு மாற்றட்டும். கடைக்காரனை யார் தேர்ந்தெடுத்தார்கள்? இன்றைக்குத் துப்பாக்கி, நாளைக்கு அவனுக்குப் பிடிக்காத வேறு ஒன்று." இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஊரில் சில தெருக்களில் யாருக்கு எதை விற்கக் கூடாது என்று கடைக்காரர்கள் தீர்மானித்த காலம் எனக்குத் தெரியும், அது நல்ல காலம் இல்லை. ஆனால் நான் அவரிடம் சொன்னது இதுதான்: அவர்கள் மறுத்தது ஆளை இல்லை, சரக்கை. வயது விஷயத்தில் அது ஆளையும் மறுப்பதுதான் என்று உடனே மடக்கிவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த வருஷமும் மான்கறி வந்தது.

அந்த அக்டோபர் 27, ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் ஊரிலேயே நடந்தது. ஸ்குவிரல் ஹில்லில், டிரீ ஆஃப் லைஃப் யூத ஆலயத்தில் வழிபாட்டுக்கு வந்த 11 பேர். ஏ.ஆர்.-15 வகை ரைஃபிளும் மூன்று கைத்துப்பாக்கிகளும். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. அந்தத் தெரு வழியாகத்தான் அப்போது தினமும் வேலைக்குப் போவேன் என்பதோடு விடுகிறேன்.

வால்மார்ட்டுக்கு அதன் முறை 2019இல் வந்தது. ஜூலை 30, மிசிசிப்பியின் சவுத்ஹேவன் வால்மார்ட்டில் இரண்டு ஊழியர்கள் கொல்லப்பட்டார்கள். நாலு நாள் கழித்து டெக்சஸின் எல் பாசோவில், சனிக்கிழமைக் கூட்டத்தில், பள்ளிக்கூடச் சாமான் வாங்க வந்த குடும்பங்கள் மேல் சுட்டான் ஒருவன். இறந்தவர்கள் 23 பேர். மெக்சிகோக்காரர்களைத் தேடி வந்தவன். இங்கே கடையே களமாகிவிட்டது. நிறுவனத்தின் முதல் நடவடிக்கை என்ன தெரியுமா? வன்முறை வீடியோ விளையாட்டுகளின் விளம்பரங்களைக் கடைகளிலிருந்து எடுத்துவிடச் சொல்லிச் சுற்றறிக்கை. துப்பாக்கிக் கவுண்டர் அப்படியே இருக்க, பொம்மைத் துப்பாக்கி ஓடும் டிவியை அணைத்தார்கள். கலிபோர்னியாவின் சான் புரூனோ அலுவலகத்தில் அதன் இணைய வணிக ஊழியர்களே வேலையை விட்டு எழுந்து வெளியே வந்து நின்றார்கள். சம்பளம் வாங்கும் இடத்துக்கு எதிராக வெயிலில் நிற்பது லேசான காரியமில்லை. அதுவும் விசாவில் இருப்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 3ஆம் தேதி தலைமை அதிகாரி டக் மெக்மில்லன் எழுதிய கடிதம் வந்தது. கைத்துப்பாக்கித் தோட்டாவும் ஏ.ஆர். வகையில் போடக்கூடிய தோட்டாவும் இருப்பு தீர்ந்ததும் நிறுத்தம். அலாஸ்காவில் மட்டும் மிச்சமிருந்த கைத்துப்பாக்கி விற்பனையும் நிறுத்தம். மற்ற மாநிலங்களில் அதை 1993லேயே விட்டுவிட்டார்கள். வெளியே தெரியத் துப்பாக்கி மாட்டிக்கொண்டு கடைக்குள் வராதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்கு வேண்டுகோள். நாட்டின் தோட்டா வியாபாரத்தில் தங்கள் பங்கு ஏறக்குறைய 20 சதவீதத்திலிருந்து 6 முதல் 9 சதவீதத்துக்கு இறங்கும் என்று அவர்களே கணக்குக் கொடுத்தார்கள். 'இருப்பு தீர்ந்ததும்' என்ற சொல்லைப் படித்தபோது உரக்கடைப் பிள்ளைக்கு ஒரு சிரிப்பு வந்தது. வாங்கிப்போட்ட சரக்கை விற்றுவிட்டு நல்லவனாவது.

இதனால் என்ன ஆயிற்று? சித்தப்பா கேட்ட கேள்விதான். அடுத்த கடை இருபதடியில் இருக்கிறது. அமெரிக்காவில் பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள், 2017 கணக்குப்படி, ஏறக்குறைய 39 கோடி, ஆட்களைவிட அதிகம். 2020இல் கொரோனா வந்ததும் துப்பாக்கி விற்பனை அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. 2022 மே மாதம் டெக்சஸின் யுவால்டியில் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியர்களையும் கொன்றவன், 18 வயது முடிந்த சில நாளிலேயே அந்த வகை ரைஃபிள் இரண்டு வாங்கினான். டிக்ஸிலும் வால்மார்ட்டிலும் அவனுக்குக் கிடைத்திருக்காது. உள்ளூர்க் கடையில் கிடைத்தது. பெரிய கடை விட்ட இடத்தைச் சின்னக் கடை நிரப்பிக்கொள்ளும். நியூசிலாந்தில் 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டபோதும் சில கடைகள் தாங்களாக முன்வந்து விற்பனையை நிறுத்தின. ஆனால் அங்கே ஆறே நாளில் அரசு தடையை அறிவித்துவிட்டது. இங்கே சட்டம் வராத இடத்தில் கடைக்காரனிடம் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கிறது. கடைக்கு எதிரான கூட்டத்தில் நிற்கும்போதெல்லாம், நான் ஒன்றிரண்டில் நின்றிருக்கிறேன், விலாசம் மாறி வந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றும்.

ஆனாலும் சித்தப்பா சொன்னது முழுக்கச் சரியில்லை. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தங்களையே மாய்த்துக்கொள்கிறவர்கள். பள்ளிக்கூடச் செய்திகளின் இரைச்சலில் இது காதில் விழுவதே இல்லை. 2009இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே கடையில் ஒரு வாரத்துக்குள் துப்பாக்கி வாங்கிய மூன்று பேர், வாங்கிய சில மணி நேரத்தில் உயிரை விட்டார்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்கள். அந்தக் கடைக்கு முன்னால் எந்தக் கூட்டமும் கூடவில்லை, எந்தப் பங்குதாரரும் தீர்மானம் போடவில்லை. கடைக்காரர் தானே பொதுச் சுகாதாரத் துறை ஆட்களோடு உட்கார்ந்தார். எப்படிப்பட்டவருக்கு இன்று விற்கக் கூடாது, என்ன கேட்க வேண்டும் என்று மற்றக் கடைக்காரர்களுக்குக் குறிப்புத் தயாரித்தார்கள், உதவி எண்ணோடு சுவரொட்டி அடித்தார்கள். மாநிலத்துத் துப்பாக்கிக் கடைகளில் பாதியளவு அதை வாங்கி ஒட்டின. எத்தனை குறுக்கம், என்ன பூச்சி என்று அப்பா கேட்டதும் வேறொன்றுமில்லை. அந்தச் சில மணி நேரம் கடந்துவிட்டால் பெரும்பாலானோர் திரும்பி வந்துவிடுகிறார்கள். அடுத்த கடை இருபதடியில் இருந்தாலும் அந்த இருபதடி நடக்க வேண்டும் அல்லவா? இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை 1990களிலிருந்து ஒவ்வொன்றாகத் தடை செய்ததில் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அது அரசு செய்தது, உண்மை. ஆனால் தத்துவம் ஒன்றுதான்.

2019 அக்டோபரில் எட் ஸ்டாக் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் இன்னொரு விஷயம் சொன்னார். விற்பனையை நிறுத்திய அன்று கையிருப்பில் ஏறக்குறைய 50 லட்சம் டாலர் மதிப்புள்ள ரைஃபிள்கள் இருந்தன. சாதாரணமாக அவை கம்பெனிக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும், பணமும் வந்திருக்கும். அனுப்பவில்லை. இந்தத் துப்பாக்கி தெருவில் இருக்கக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தால் உடைக்க வேண்டியதுதானே என்று, அத்தனையையும் நொறுக்கிப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள்.

அன்று ராத்திரி, ஊரில் விடிந்த நேரம், அப்பாவைக் கூப்பிட்டேன். கிரான்பெரியில் அவர் பார்த்த சுவர் நினைவிருந்தது. அந்தக் கறுப்புத் துப்பாக்கிகளை நொறுக்கிவிட்டார்கள் என்றதும் முதலில் நம்பவில்லை.

"எவ்வளவுக்கு?"

ரூபாயில் சொன்னேன். 35 கோடி. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "ரிட்டன் போட்டிருக்கலாமேய்யா" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: "போட்டா அவன் இன்னொரு கடைக்கு அனுப்புவான்."

நான் கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ, கேட்டுவிட்டேன். "அப்பா, அந்த மருந்த ரேக்குல இருந்து எறக்கினீங்கள்ல. மிச்சம் இருந்த பெட்டிய என்ன பண்ணீங்க?"

வாசலில் பால்காரர் மணியடிக்கிற சத்தம் போனில் கேட்டது. அவர் எழுந்து போகவில்லை.

"ரிட்டன்தான் போட்டேன்" என்றார். "ஆறு பெட்டி இருந்துச்சு. பணம் குடுத்துட்டான்."